பச்சை நிற ஃபவுண்டன்

ஜவ்வாது மலையில் வேங்கைப்பட்டு என்று ஒரு சின்ன ஊர். சாமைக் கொல்லைகளும் புளிய மரங்களும்தான் அந்த ஊருக்குச் சொத்து. அங்கே எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் செந்தாமரை. எட்டாவது வரை மலைமேலிருந்த உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தாள். பிறகு ஆலங்காயத்தில் விடுதியில் தங்கிப் படித்து 1979இல் பரீட்சையில் தேறினாள். எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண். ஆங்கிலத்தில் மட்டும் கரையேறப் போதுமான அளவு. அதையும் மனப்பாடம் செய்துதான் வாங்கினாள்.

அடுத்த வருஷமே அத்தை மகன் சக்கரவர்த்திக்கு அவளைக் கட்டி வைத்தார்கள். அவன் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. ஆனால் எதையும் சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். அத்தை சுந்தரம்மாள் அவனுக்கும் மேல். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தும் அந்த வீட்டிலிருந்து சண்டைச் சத்தம் கேட்டதில்லை. சிரிப்புச் சத்தம்தான் கேட்கும்.

மாதம் ஒரு தடவை கீழே சமவெளியிலிருந்த மிஷன் ஆஸ்பத்திரியின் ஜீப் வேங்கைப்பட்டுக்கு வரும். டாக்டர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் வராது. கூட வரும் மேட்ரன் கெங்கம்மாள்தான் எல்லாவற்றுக்கும் ஓடியாடுவார். கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் அவர் திண்டாடுவதைப் பார்த்துச் செந்தாமரை தானாகவே போய் உதவினாள். பெயரைக் கூப்பிட்டாள், வரிசையில் நிற்க வைத்தாள், எந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று பெண்களுக்கு எடுத்துச் சொன்னாள். நாலைந்து மாதம் இதைப் பார்த்த கெங்கம்மாள் ஒருநாள் சொன்னார்:

"எங்க ஆஸ்பத்திரியில ரெண்டு வருசப் பயிற்சி இருக்குது. ஊர்ல நர்ஸ் வேல பாக்கறதுக்கு. கல்யாணம் ஆனவங்களையும் எடுப்பாங்க. ஆனா பாடம் நடத்தறது இங்கிலீசுல. அதனால இங்கிலீசுல நாலு கேள்வி கேப்பாங்க. வர்றியா?"

செந்தாமரை வீட்டுக்கு வந்து சொன்னதும் சுந்தரம்மாள், "போயேன்டி. நாலு கேள்விதானே" என்றாள், ஏதோ நாலு படி சாமை குத்துகிற மாதிரி.

ஆலங்காயத்துச் சந்தையில் பழைய புத்தகக் கடை ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் பேசக் கற்றுக்கொடுக்கும் ஒரு புத்தகத்தைச் சக்கரவர்த்தி அங்கேதான் வாங்கி வந்தான். அதில் கேள்விகளும் பதில்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. செந்தாமரை தண்ணீர் எடுக்கப் போகும்போதும் ஆடு கட்டும்போதும் அவற்றை உருப்போட்டாள். ஒரு மாதத்தில் முழுப் புத்தகமும் மனப்பாடம்.

1981இல் அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். சக்கரவர்த்தியும் கூடப் போனான். அவன் கேட்டுக்கு வெளியே வேர்க்கடலை வாங்கி உரித்துக்கொண்டு நின்றான். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் கெங்கம்மாளும், கேரளத்திலிருந்து வந்திருந்த இளவயது டாக்டரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மாவுக்குத் தமிழ் அரைகுறை. பதறிப்போய் நின்ற பெண்ணைப் பார்த்ததும், சுலபமாக ஏதாவது கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"டு யூ லைக் கோயிங் டு பார்க்ஸ்?" என்றார்.

செந்தாமரைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பார்க்குக்குப் போவது பற்றிய கேள்வி! புத்தகத்தில் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

"எஸ் மேடம். ஐ கோ டு த பார்க் எவ்ரி ஈவினிங் வித் மை பேரன்ட்ஸ். தேர் ஆர் பியூட்டிஃபுல் ஃபவுண்டன்ஸ், பீகாக்ஸ் அண்ட் ஃப்ளவர்ஸ்."

டாக்டரம்மா புன்னகைத்தார். எந்த ஊர்ப் பார்க் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அது புத்தகத்தில் இல்லை.

"வேங்கைப்பட்டு பார்க், மேடம்" என்றாள்.

மாதாமாதம் வேங்கைப்பட்டுக்குப் போய் வருகிற கெங்கம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

அந்த ஃபவுண்டன் பார்க்க எப்படி இருக்கும் என்று டாக்டரம்மா அடுத்துக் கேட்டார். செந்தாமரைக்குப் பீகாக் என்றால் மயில் என்று தெரியும். ஃபவுண்டன் மயிலுக்குப் பக்கத்தில் வருவதால் அதுவும் ஒரு பறவையாகத்தான் இருக்கும் என்று அவளாக முடிவு செய்து வைத்திருந்தாள்.

"கிரீன், மேடம்."

"கிரீன்?"

"எஸ் மேடம். இட் ஃப்ளைஸ்."

டாக்டரம்மாவால் அடக்க முடியவில்லை. கெங்கம்மாளும் சிரித்துவிட்டார். அவர்கள் கேலியாகச் சிரிக்கவில்லை என்பது செந்தாமரைக்கே தெரிந்தது. இருந்தாலும் காது சுட்டது.

வெளியே வந்தவளின் பின்னாலேயே கெங்கம்மாள் வந்தார்.

"ஃபவுண்டன்னா தண்ணிம்மா. மேல பீச்சி அடிச்சுட்டுக் கீழ விழும். அது போவட்டும். நீ சொன்னது பொஸ்தகத்தோட பதிலு. அந்த டாக்டரம்மா கேட்டது உன்னோட பதில. தப்புந் தவறுமா இருந்தாக்கூடப் பரவால்ல, உன் வாயில இருந்து உன் பேச்சு வரணும். அடுத்த வருசம் கட்டாயம் வா."

பஸ் மலையேறத் தொடங்கியதும்தான் அவள் நடந்ததைச் சொன்னாள். சக்கரவர்த்தி கடைசிவரை கேட்டான். அவன் தோள் குலுங்கியது.

"பச்சையா? பறக்குமா?"

"சிரிக்காத மாமா!"

"முட்ட வைக்குமான்னு கேக்கலியா அவங்க?"

அவன் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். செந்தாமரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு வளைவு தாண்டியதும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பின் வேங்கைப்பட்டு வரை இருவரும் மாறி மாறிச் சிரித்தபடியே வந்தார்கள்.

சிரித்து முடித்த பிறகு அவள் யோசிக்கத் தொடங்கினாள். தான் எங்கே தடுக்கி விழுந்தோம்? முதல் கேள்விக்கு இல்லை. அதற்கு அடுத்த கேள்விக்கு. வாட், வேர், ஹூ, ஒய். என்ன, எங்கே, யார், ஏன். இந்த நாலும்தான் திரும்பத் திரும்ப வரும். இவற்றைத் தன்னிடம் யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால் நன்றாக இருக்கும். வீட்டிலும் கொல்லையிலும் எப்போதும் கூடவே இருக்கிற ஆள் சக்கரவர்த்திதான். அவனுக்கு அந்த நாலு வார்த்தைகளையும் சொல்லிக் கொடுத்தாள்.

அவனுக்கு 'ஒய்' மிகவும் பிடித்துப்போனது. ஆவணியில் சாமைக் கொல்லையில் களை பிடுங்கும்போது திடீரென்று நிமிர்ந்து, "ஒய்?" என்பான். அவள் எதைச் செய்துகொண்டிருந்தாலும் அதற்குக் காரணத்தை ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். "கிராஸ் ஈட் சாமை ஃபுட்" என்பாள், களை சாமையின் சாப்பாட்டைத் தின்றுவிடுகிறது என்பதற்கு. அவனுக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆனாலும் நீதிபதி மாதிரி தலையை ஆட்டிவிட்டு, மறுபடி "ஒய்?" என்பான்.

பக்கத்துக் கொல்லைக்காரி செல்லிக்கு இது பொறுக்கவில்லை.

"இன்னாடி இது, உன் வூட்டுக்காரன் நாள் பூரா 'ஒய் ஒய்'னு யாரக் கூப்புடுறான்? நானும் திரும்பித் திரும்பிப் பாத்துக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு."

விஷயம் தெரிந்ததும் செல்லியும் சேர்ந்துகொண்டாள். தண்ணீர்த் துறையில் செந்தாமரையைப் பார்த்தால் "வேர்?" என்பாள். ஊரே வாட், ஒய் என்று விளையாடத் தொடங்கியது. செந்தாமரையின் பதில்கள் கோணல் மாணலாக இருந்தன. ஆனால் தைமாதம் வந்தபோது அவள் யோசிக்காமல் வாய் திறக்கப் பழகியிருந்தாள். வார்த்தை தெரியாத இடத்தில் தெரிந்த வார்த்தையைப் போட்டு ஒப்பேற்றவும் கற்றுக்கொண்டாள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. பார்க் பற்றிச் சொல்ல அவளிடம் எதுவுமே இல்லை. அவள் பார்க்கே பார்த்ததில்லை.

"அப்ப போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றான் சக்கரவர்த்தி.

"நானும் வர்றேன்" என்றாள் சுந்தரம்மாள். "பார்க்கைப் பாக்காமலே நான் செத்துப்போவணுமா இன்னா?"

பங்குனியில் புளி அடித்து முடிந்ததும் மூவரும் மூட்டைகளோடு ஒடுகத்தூருக்கு இறங்கினார்கள். காலையிலேயே புளியை விற்றுவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறினார்கள். கோட்டைப் பக்கத்தில் ஒரு பார்க் இருப்பதாகக் கண்டக்டர் சொல்லி இறக்கிவிட்டார்.

உள்ளே போனதும் சுந்தரம்மாள் நின்றுவிட்டாள். கால் வைக்கக் கூசுகிற மாதிரி பச்சைப் புல்வெளி.

"ஏண்டா, இம்மாம் புல்லு இருக்குது. ஒரு ஆடு கூட இல்லியே?"

"ஆட்ட உள்ள வுட மாட்டாங்கம்மா."

"பின்ன யாருக்கு வளத்து வச்சிருக்காங்க?"

அவளே சோதித்துப் பார்க்கப் புல்மேல் இறங்கினாள். அடுத்த நிமிடம் எங்கிருந்தோ ஒரு விசில் நீளமாக ஒலித்தது. சுந்தரம்மாளுக்கு விசில் என்றால் ஒன்றுதான் தெரியும்.

"டேய், வண்டி கெளம்புதுடா!" என்று கத்திக்கொண்டு, புடவையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்து, வாசலைப் பார்த்து ஓட்டமெடுத்தாள்.

விசில் ஊதியவர் பார்க் காவலாளி தசரதன். தன் விசிலுக்குப் பயந்து புல்லைவிட்டு இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறார். பார்க்கைவிட்டே ஓடியவரை அன்றுதான் பார்த்தார். "யம்மா, நில்லுங்க, நில்லுங்க!" என்று பின்னாலேயே ஓடினார். அவர் ஊத ஊத அவள் இன்னும் வேகமாக ஓடினாள். சக்கரவர்த்தி வாசலில் அவளை மடக்கிப் பிடிப்பதற்குள் பார்க்கில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். விஷயம் புரிந்ததும் தசரதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே கல்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் அவர் அவர்களை விடவில்லை. கூடவே வந்து பூவின் பெயர், மரத்தின் பெயர் எல்லாம் சொன்னார்.

நடுவில் ஒரு வட்டத் தொட்டி இருந்தது. தசரதன் போய் ஒரு திருகைத் திருகினார். தொட்டியின் நடுவிலிருந்து தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பி வெள்ளையாகச் சிதறியது. செந்தாமரை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதான் ஃபவுண்டன்" என்றாள் மெல்ல.

"பச்சையா இல்லியே" என்றான் சக்கரவர்த்தி. பிறகு தசரதனிடம், "இந்தத் தண்ணி எந்தக் கொல்லைக்குப் பாயுது?" என்று கேட்டான்.

"எந்தக் கொல்லைக்கும் பாயாதுங்க. மேல போவும், கீழ விழும். சும்மா பாக்கறதுக்குத்தான்."

சும்மா பார்ப்பதற்காகத் தண்ணீர்! மலையில் கோடையில் ஒரு குடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்று செந்தாமரைக்குத் தோன்றியது. ஆனால் சுந்தரம்மாள் அதற்குள் தொட்டி விளிம்பில் சாய்ந்து, கண்ணை மூடி, சாரலில் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஓடிவந்த வியர்வையெல்லாம் அடங்கி அவள் முகம் சின்னப் பெண்ணின் முகம் போல ஆகியிருந்தது. அதைப் பார்த்ததும் கணக்குக் கேட்கிற எண்ணம் செந்தாமரைக்கு அற்றுப்போயிற்று. அவளும் முகத்தை நீட்டினாள்.

அதன்பின் கல்பெஞ்சில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். அப்போதுதான் செந்தாமரை அந்த மனிதரைக் கவனித்தாள். நடுவயது. அக்குளில் கட்டை வைத்து நடைபாதையில் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. பாதையில் பிள்ளைகள் பந்தைத் துரத்தி ஓடிக்கொண்டிருந்தார்கள். பந்து உருண்டு அவர் காலடியில் வந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு கட்டையை ஊன்றி ஓரடி எடுத்து வைத்து, நல்ல காலால் பந்தை மெதுவாகத் தள்ளிவிட்டார். பிள்ளைகள் ஓ என்று கத்தினார்கள். பந்து மறுபடி அவரிடமே வந்தது. அவர் மறுபடி நடந்தார்.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். மாணிக்கம்மாள் என்று பெயர் சொன்னாள்.

"லாரி இடிச்சுட்டுதும்மா. ஆஸ்பத்திரியில நட நடன்னு எல்லாரும் சொல்றாங்க. பயந்துக்கினு கட்டில வுட்டு எறங்க மாட்டேன்னுட்டாரு. இன்னிக்குக் காத்தாட இருக்கட்டும்னு இங்க கூட்டியாந்தேன். இங்க யாரும் ஒண்ணும் சொல்லல. அவரா நடக்கறாரு பாரு!"

சுந்தரம்மாள் தன் கட்டுச்சோற்றில் பாதியை எடுத்து அவள் கையில் வைத்தாள். சக்கரவர்த்தி எழுந்துபோய்ப் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டு, பந்து எப்போதும் அந்த மனிதரிடமே போகும்படி பார்த்துக்கொண்டான்.

அன்றைக்கு ஒடுகத்தூரில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் மலையேறினார்கள். வழியிலேயே சக்கரவர்த்தி ஆரம்பித்துவிட்டான். "வேர்?"

"ஐ வென்ட் டு வேலூர். ஐ சா பார்க். ஐ கேம்."

பதில் அதோடு முடிந்துவிட்டது. செந்தாமரைக்கே சப்பென்று இருந்தது. இவ்வளவு பார்த்துவிட்டு இதுதானா? "ஹூ?" என்றான் அவன். யாரோடு போனாள் என்று சேர்த்தாள். "வாட்?" என்ன பார்த்தாள் என்று சேர்த்தாள். சாரல் என்பதற்கு வார்த்தை தெரியவில்லை. "வாட்டர் ஜம்பிங், கம்மிங் ஆன் ஃபேஸ்" என்றாள். அது நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்தப் பதில் கொஞ்சம் வளர்ந்தது. ஒருநாளும் ஒரே மாதிரி சொல்லவில்லை. மனப்பாடம் செய்யக்கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

1982 ஜூனில் மறுபடி நேர்காணல். இந்தத் தடவை சுந்தரம்மாளும் வந்து கேட்டுக்கு வெளியே மகனோடு நின்றாள். உள்ளே அதே டாக்டரம்மா, அதே கெங்கம்மாள். டாக்டரம்மாவுக்கு அவளை ஞாபகம் இருந்தது. சிரித்துக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டார். பார்க்குக்குப் போகப் பிடிக்குமா?

"ஃபர்ஸ்ட் நோ, மேடம்" என்றாள் செந்தாமரை. "நவ் எஸ்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஒய்?"

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் செந்தாமரைக்குச் சிரிப்பு வந்தது. களைக்கொல்லையில் நிற்பது போலப் பயமெல்லாம் விலகிவிட்டது. பேசத் தொடங்கினாள். ஆடு இல்லாத புல்வெளியைச் சொன்னாள். மாமியார் ஓடியதைச் சொன்னாள். "மேன் விசில். மை மதர் இன் லா திங்க் பஸ். ஷீ ரன்!"

"தாட். ஷீ ரேன்" என்று திருத்தினார் டாக்டரம்மா. அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஷீ தாட் பஸ். ஷீ ரேன்" என்று செந்தாமரை திருத்திச் சொல்லிவிட்டு மேலே போனாள். ஃபவுண்டனைச் சொன்னாள். அது வெள்ளையாக இருந்தது, பறக்கவில்லை, குதித்தது என்றாள். கெங்கம்மாள் மேசையைத் தட்டினார்.

சிரிப்பு அடங்கியதும் டாக்டரம்மா இன்னொன்று கேட்டார். ஜனங்கள் எதற்காகப் பார்க்குக்குப் போகிறார்கள்?

இதை யாரும் அவளிடம் கேட்டுப் பழக்கவில்லை. கட்டை ஊன்றி நின்ற மனிதர் கண்ணுக்குள் வந்தார்.

"ஒன் மேன், மேடம். லெக் பேட். இன் ஹாஸ்பிடல் எவ்ரிபடி டெல் ஹிம், வாக், வாக். ஹீ அஃப்ரெய்ட். இன் பார்க் நோபடி டெல். சில்ட்ரன் பிளேயிங். ஸோ ஹீ வாக்ட்."

டாக்டரம்மா இலக்கணத்தைத் திருத்தவில்லை. "ஹீ வாக்ட்" என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கெங்கம்மாள் பக்கம் திரும்பித் தன் அரைகுறைத் தமிழில், "ஜூலை ஒண்ணாம் தேதி வரச் சொல்லூ" என்றார்.

செந்தாமரை கேட்டுக்கு ஓடிவந்த வேகத்தைப் பார்த்தே இருவருக்கும் புரிந்துவிட்டது. சுந்தரம்மாள் நடுத்தெருவில் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். ஒரு மாட்டுவண்டி நின்று வழி கேட்டும் விடவில்லை.

பயிற்சி இரண்டு வருஷம். முதல் மாதங்களில் பாடத்தில் பாதி புரியாது. புரியாத இடத்தில் கையைத் தூக்கி "ஒய், மேடம்?" என்று கேட்டுவிடுவாள். வகுப்பில் மற்றவர்கள் கேட்கக் கூச்சப்பட்டதையும் அவளே கேட்டாள். சக்கரவர்த்தி மாதம் ஒருமுறை சாமை அரிசியும் தேனும் கொண்டுவருவான். விடுதிப் பெண்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள். அவனும் சளைக்காமல் அந்த நாலு வார்த்தைகளை வைத்தே அரைமணி நேரம் பேசுவான்.

1984இல் பயிற்சி முடிந்ததும் ஆஸ்பத்திரி வேங்கைப்பட்டில் ஒரு சிறு மருத்துவ அறையைக் கட்டி அவளையே நர்ஸாக வைத்தது. ஜீப் வரும் நாட்களில் டாக்டரம்மாவுக்கு ஆங்கிலத்தில் சொல்வதும் ஊராருக்குத் தமிழில் சொல்வதும் அவள் வேலை.

முதல் நாளில் முதல் ஆளாக வந்தவர் சிங்காரம் என்ற பெரியவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் வயிற்றைத் தடவியபடி பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார். கையை ஆட்டினார், தரையைத் தட்டினார், ஒரு தடவை எழுந்துகூட நின்றார். டாக்டரம்மா காதில் மாட்டிய கருவியோடு பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் பெரியவர் மூச்சு வாங்க நிறுத்தினார்.

செந்தாமரை சொன்னாள்: "ஸ்டமக் பெயின், மேடம். டூ வீக்ஸ். ஆஃப்டர் ஃபுட்."

"அவ்வளோதானா?" என்றார் டாக்டரம்மா. இந்த இரண்டு வருஷத்தில் அவர் தமிழ் பேசப் பழகியிருந்தார், மலைப்பேச்சுதான் இன்னும் பிடிபடவில்லை. "இத்தனை நேரம் பேசினாரே!"

"மீதி எல்லாம் அவர் மருமகனைப் பத்திங்க, மேடம்."

"அதையும் சொல்லு. வயித்து வலி அதனாலகூட இருக்கலாம்."

செந்தாமரை பெரியவரைப் பார்த்தாள். அவர் சம்மதமாகத் தலையை ஆட்டிவிட்டு இன்னும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதை கேட்க வாசலுக்கு நெருங்கி வந்தார்கள். அவள் மருமகன் கதையை ஆங்கிலத்தில் தொடங்கினாள்.